ஃப்ளை ஃபிஷிங் பழகத் தொடங்குவோருக்கு: வீணான 60 டாலரும் பயன்பட்ட 200 டாலரும்

நியூஜெர்சியில் ராரிட்டன் ஆற்றின் தென்கிளையில் ஃப்ளை ஃபிஷிங் முறையில் டிரவுட் மீன் பிடிக்கப் பழகத் தொடங்கி எனக்கு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் இரண்டு தொடக்கநிலைத் தொகுப்புகளைச் சொந்தப் பணத்தில் வாங்கியிருக்கிறேன். மூன்றாவது ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வசந்த காலம் முழுவதும் பயன்படுத்தியிருக்கிறேன். முதலில் வாங்கியது, இணையச் சந்தையில் 60 டாலருக்குக் கிடைத்த, கோல் முதல் தூண்டில் முள் வரை எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய தொகுப்பு. அடுத்து வாங்கியது ரெடிங்டன் நிறுவனத்தின் பாத் தொகுப்பு. அதற்கு ஏறத்தாழ 200 டாலர் கொடுத்தேன். இரவல் வாங்கியது ஆர்விஸ் நிறுவனத்தின் கிளியர்வாட்டர். அதன் விலை பாத் தொகுப்பைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. எடிசன் பகுதியில் வாழும் தமிழ் நண்பர்கள் சிலர் இதைப் பழக ஆசைப்பட்டு, எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு நேரில் சொல்வதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

காவிரிக் கரையில் வளர்ந்த எனக்குத் தூண்டில் போடுவது புதிதன்று. மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஓர் ஈயக்குண்டு, சிரட்டையில் ஈரமண்ணோடு மண்புழு என்று அதற்கு வேண்டியவை அனைத்தும் வீட்டுக் கொல்லையிலும் பெட்டிக்கடையிலும் கிடைத்துவிடும். அந்தத் தூண்டிலில் எடை முழுவதும் முனையில் இருக்கிறது. ஈயம் பறந்து சென்று நரம்பைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழாகிறது. இறகையும் விலங்கு மயிரையும் நூலால் கட்டிப் பூச்சிபோலச் செய்த ஃப்ளைக்கு எடை என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை. அதைக் கையால் எறிந்தால் மூன்று அடிகூடப் போகாது. அதனால் எடையை லைனுக்கே கொடுத்திருக்கிறார்கள். தடித்த, பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய, நீரில் மிதக்கும் அந்த லைன்தான் கோலை வளைத்து, காற்றில் சுருள் விரித்துச் சென்று, ஃப்ளையை மீன் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பது தானாகவே விளங்கிவிடும்.

கோல்களின் மேல் 4 வெயிட், 5 வெயிட், 6 வெயிட் என்று எழுதியிருப்பது கோலின் எடையன்று. அந்தக் கோல் எந்த லைனுக்காகச் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் எண் அது. 5 வெயிட் லைன் என்றால், அதன் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9 கிராம் எடை இருக்க வேண்டும் என்பது தொழில்துறை ஏற்றுக்கொண்ட அளவு. 4 வெயிட்டுக்கு 120 கிரெய்ன், 6 வெயிட்டுக்கு 160 கிரெய்ன். கோலும் லைனும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். டிரவுட், குளத்து சன்ஃபிஷ், சிறிய பாஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரே கோலை வைத்துச் சமாளிக்க விரும்புபவர் 9 அடி நீளமுள்ள, நான்கு துண்டாகப் பிரியும் 5 வெயிட் கோலைத் தயங்காமல் வாங்கலாம். கடைக்காரர்கள் பலரும் இதையே சொல்வார்கள். என் அனுபவமும் இதையே சொல்கிறது.

இனி அந்த 60 டாலர் தொகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். விற்றவரின் பெயர் இங்கே தேவையில்லை. அதே வகைத் தொகுப்பு பல பெயர்களில் விற்கப்படுகிறது. பெட்டியைத் திறந்தபோது கோல் அழகாகத்தான் இருந்தது. லைனை, அதைச் சுற்றி வைக்கும் உருளையான ரீலிலிருந்து இழுத்தபோது அது தொலைபேசிக் கம்பிபோலச் சுருண்டு சுருண்டு வந்தது. இரு கைகளாலும் நீட்டிப் பிடித்து இழுத்தேன். விட்டவுடன் மீண்டும் சுருண்டது. அதன் மேற்பூச்சு விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தது. நுனியிலிருந்து இருபதடி வரை விரல்களால் தடவிப் பார்த்தால் தடிமனில் எந்த மாற்றமும் தெரியவில்லை. நல்ல லைன் அப்படி இருக்காது. நுனியில் மெலிந்து, சற்றுத் தள்ளித் தடித்து, பின்பு மீண்டும் மெலியும். அந்தத் தடித்த பகுதியின் எடைதான் வீச்சுக்கு உயிர். எனக்கு இவையெல்லாம் அப்போது தெரியாது. ரூஸ்வெல்ட் பூங்காவின் புல்தரையில் இரண்டு மாதம் மாலைதோறும் வீசிப் பார்த்து, லைன் ஒவ்வொரு முறையும் காலடியில் குவிந்து விழுந்ததைக் கண்டு, குற்றம் என் மணிக்கட்டில்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். தண்ணீரில் போட்டபோது, மிதக்கும் லைன் என்று விற்கப்பட்ட அதன் நுனி பத்து நிமிடத்தில் மூழ்கத் தொடங்கியது.

ஆற்றுக்கு அருகில் உள்ள ஊர் ஒன்றின் தூண்டில் கடையில் வயதான கடைக்காரர் ஒருவர் என் கோலையும் ரீலையும் வாங்கிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் என் லைனைக் கழற்றி வைத்துவிட்டு, கடையில் சோதனைக்காக வைத்திருந்த வேறொரு ரீலைப் பொருத்தி, பின்புறத்து வண்டி நிறுத்தத்துக்கு அழைத்துச் சென்றார். அதே கோல், அதே கை, அதே மணிக்கட்டு. மூன்றாவது வீச்சில் லைன் பின்னால் நீண்டு, ஒரு கணம் காற்றில் நின்று, முன்னால் குறுகிய சுருளாக விரிந்து, நாற்பது அடி தூரத்தில் நேர்க்கோடாக விழுந்தது. கோல் அடிப்பகுதி வரை வளைவதை உள்ளங்கையில் அன்றுதான் முதல்முறையாக உணர்ந்தேன். இரண்டு மாதம் கிடைக்காதது இரண்டு நிமிடத்தில் கிடைத்ததற்கு லைன் ஒன்றுதான் காரணம். பணம் குறைவாக இருப்பவர் முதலில் லைனுக்குச் செலவிட வேண்டும், அடுத்து கோலுக்கு, கடைசியாகத்தான் ரீலுக்கு என்று நான் வற்புறுத்துவது அந்த வண்டி நிறுத்தத்தில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான்.

அந்தக் கோலும் நெடுநாள் நிலைக்கவில்லை. துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் தளர்ந்து, வீசும்போது நுனித்துண்டு கழன்று லைனோடு பறந்து போகத் தொடங்கியது. அதன் பிறகே ரெடிங்டன் பாத் தொகுப்பை வாங்கினேன்.

பாத் தொகுப்பில் 9 அடி, 5 வெயிட், நான்கு துண்டுக் கோல் ஒன்று, கிராஸ்வாட்டர் ரீல் ஒன்று, அதில் ஏற்கெனவே சுற்றிய ரியோ மெயின்ஸ்ட்ரீம் மிதவை லைன், லைனின் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளத் துணி போர்த்திய குழாய் உறை ஆகியவை இருந்தன. இதில் நான் முதன்மையாக மதிப்பது, லைனைத் தனியாகத் தேட வேண்டிய வேலை இல்லை என்பதையும், கொடுத்திருக்கும் லைன் கோலின் எண்ணுக்குச் சரியாகப் பொருந்தியது என்பதையும். ரியோ மெயின்ஸ்ட்ரீம், அந்த நிறுவனத்தின் விலை குறைந்த லைன் வரிசையைச் சேர்ந்தது. இருந்தாலும் தடிமன் முறையாக ஏறி இறங்குகிறது, முப்பதிலிருந்து நாற்பத்தைந்து அடிக்குள் சுருளை நன்றாக விரிக்கிறது, குளிர்ந்த காலையில் ஒருமுறை கையால் நீட்டிவிட்டால் நேராகிவிடுகிறது. தொடக்கக்காரர் பிடிக்கும் மீன்களில் பெரும்பாலானவை அந்த நாற்பத்தைந்து அடிக்குள்தான் இருக்கின்றன.

கோலின் விறைப்பு நடுத்தரத்துக்குச் சற்று மேல். மிக விறைப்பான கோல்கள் நுனியில் மட்டும் வளையும். தூரமாக வீசத் தெரிந்தவர்களுக்கு அவை ஏற்றவை, ஆனால் கை பழகாதவருக்கு வளைவு எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது தெரியாமல் போய்விடும். பாத் கோல் நடுப்பகுதி வரை வளைந்து கொடுப்பதால் லைன் பின்னால் நீண்டுவிட்டது என்ற செய்தி கைக்கு வந்து சேர்கிறது. துண்டுகளை நேராகப் பொருத்துவதற்குப் புள்ளிகள் இட்டிருப்பது சிறிய விஷயம்போலத் தோன்றினாலும், விடியற்காலை அரையிருட்டில், லைன் செல்லும் வளையங்களை ஒரே வரிசையில் நிறுத்த அது மிகவும் உதவுகிறது. முதல் உரிமையாளருக்கு வாழ்நாள் உத்தரவாதமும் உண்டு. காரின் கதவில் மாட்டி நுனி ஒடிவது இந்தப் பழக்கத்தில் சாதாரணம் என்பதால், உத்தரவாதம் இல்லாத கோலை எந்த விலைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆர்விஸ் கிளியர்வாட்டரைப் பொறுத்தவரை, அது இதைவிட மேலான கோல் என்பதில் ஐயமில்லை. 1856-இல் வெர்மான்ட் மாநிலத்தின் மான்செஸ்டரில் தொடங்கிய நிறுவனம் அது. இந்தக் கோலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. கையில் எடுத்தால் நுனி இலேசாக இருக்கிறது. ஐம்பது அடிக்கு அப்பால் வீசும்போது லைன் தள்ளாடாமல் போகிறது. ரீலின் மையம் அகலமாக இருப்பதால் லைன் இறுகிச் சுருளாமல், வேகமாகவும் சுற்றப்படுகிறது. ஆனால் முப்பது அடியில் இரண்டையும் மாற்றி மாற்றி வீசிப் பார்த்தபோது, முதல் ஆண்டில் இருந்த என் கைக்கு வேறுபாடு தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில்தான் தெரிகிறது. ஆகவே 400 டாலர் செலவிட வசதி உள்ளவர், இந்தப் பழக்கம் தொடரும் என்ற உறுதியும் உள்ளவர் என்றால் கிளியர்வாட்டரை வாங்கலாம். பல ஆண்டுகளுக்கு வேறு கோலைத் தேட வேண்டியிராது. மற்றவர்களுக்கு பாத் போதும். மிஞ்சும் 200 டாலரில் கண்ணாடி, வலை, ஃப்ளைகள், உரிமக் கட்டணம் எல்லாவற்றையும் வாங்கிவிட முடியும். எக்கோ நிறுவனத்தின் லிஃப்ட் தொகுப்பும் டெம்பிள் ஃபோர்க் நிறுவனத்தின் தொடக்கநிலைத் தொகுப்பும் பாத்தோடு ஒரே தரத்தில் வைத்துப் பார்க்கத்தக்கவை. அருகிலுள்ள கடையில் எது கிடைக்கிறதோ அதை வீசிப் பார்த்து வாங்கலாம். கோல் ஏற்கெனவே இருந்து லைன் மட்டும் வேண்டுமென்றால், நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லாண்ட் ஊரில் 1915 முதல் லைன் செய்து வரும் கார்ட்லாண்ட் நிறுவனத்தின் 333 வரிசையைக் கேட்டுப் பாருங்கள்.

ரீலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு அங்குல டிரவுட் மீனைப் பிடிக்கும்போது லைனைக் கையாலேயே இழுத்து விடுகிறோம். ரீல் பெரும்பாலும் லைனைச் சுற்றி வைக்கும் பெட்டியாகவே இருக்கிறது. பெரிய மீன் ஓடும்போது சீராக விட்டுக் கொடுக்கும் பிரேக் இருந்தால் போதும்.

லீடரும் டிப்பெட்டும்தான் புதியவர்களை மிகவும் குழப்புகின்றன. தடித்த லைனின் நுனியில் நேராக ஃப்ளையைக் கட்டினால் மீன் மிரண்டுவிடும். அதனால் ஒன்பதடி நீளத்தில் படிப்படியாக மெலியும் நரம்பு ஒன்றை இடையில் கட்டுகிறார்கள், அதுவே லீடர். அதன் நுனியில் கட்டி, ஃப்ளை மாற்றும்போதெல்லாம் குறைந்துகொண்டே வரும் மெல்லிய நரம்பு டிப்பெட். இதன் தடிமனை 4 எக்ஸ், 5 எக்ஸ் என்று குறிப்பார்கள். 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் கிடைப்பது, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது. 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். ஃப்ளையின் முள் அளவைக் குறிக்கும் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ எந்த எக்ஸ் வேண்டும் என்பது தெரியும். 14 எண் ஃப்ளைக்கு 5 எக்ஸ், 12 எண் ஃப்ளைக்கு 4 எக்ஸ். இந்த இரண்டு டிப்பெட் உருளைகளும் மூன்று லீடர்களும் ஓராண்டுக்குப் போதுமானவை. முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பை இழுத்தால் உராய்வுச் சூட்டில் வலுவிழந்து, நல்ல மீன் மாட்டும் அன்றைக்குத்தான் அறுந்து போகும்.

ஃப்ளைகளில் ஐந்து வகை போதும். நீருக்குள் போடுவதற்கு ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் என்ற இரண்டும், நீர்மேல் மிதப்பதற்கு பாரசூட் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ் என்ற இரண்டும், சிறுமீன்போலவும் அட்டைபோலவும் நீந்திவரச் செய்வதற்கு வூலி பக்கர் ஒன்றும் வாங்கிக்கொள்ளலாம். எல்க் மானின் மயிர் உள்ளே காற்றறைகள் கொண்டது என்பதால் அந்த ஃப்ளை எளிதில் மூழ்காது. இதைக் கையில் பிடித்துப் பார்த்தால், பூச்சியின் மடிந்த சிறகுபோலவே கூரைச் சாய்வில் மயிரைக் கட்டியிருக்கும் நேர்த்தி தெரியும். நூறு ஃப்ளைகள் கொண்ட மலிவுப் பெட்டியை வாங்காமல், இவற்றில் வகைக்கு மூன்றை ஆற்றுக்கு அருகிலுள்ள கடையில் வாங்குங்கள். அந்த வாரம் எந்தப் பூச்சி பறக்கிறது என்பதைக் கடைக்காரர் இலவசமாகச் சொல்லுவார்.

நீர்புகாக் கால்சட்டையான வேடரை முதல் ஆண்டில் வாங்க வேண்டியதில்லை. கரையிலிருந்தே வீசக்கூடிய இடங்கள் நிறைய உள்ளன. கோடையில் சாதாரணக் கால்சட்டையோடு முழங்கால் அளவு நீரில் இறங்கலாம். வாங்கும்போது காலணியின் அடி ரப்பராக இருக்கட்டும். நெருக்கமான கம்பளி அடிகொண்ட காலணி பாசிக்கல்லில் நன்றாகப் பிடிக்கும் என்றாலும், ஓர் ஆற்றின் பாசியை இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும் என்பதால் மேரிலாந்து மாநிலம் 2011-இல் அதைத் தடை செய்தது. போலரைஸ்டு கண்ணாடியை மட்டும் முதல் நாளிலேயே வாங்கிவிட வேண்டும். நீரின் பளபளப்பை நீக்கி மீனைக் காட்டுகிறது என்பது ஒரு பயன். தலைக்குப் பின்னாலிருந்து வேகமாக வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காக்கிறது என்பது அதைவிடப் பெரிய பயன். முள்ளின் நுனிக்கு அருகில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூர்ப்பல்லை இடுக்கியால் அமுக்கி விட்டால் மீனின் வாயிலிருந்தும், தவறிப்போய் நம் காதிலிருந்தும் எளிதாக எடுத்துவிடலாம். வலை, ரப்பர் வலையாக இருக்க வேண்டும். முடிச்சுள்ள நூல்வலை மீனின் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும்.

நியூஜெர்சியில் 16 வயதிலிருந்து 69 வயது வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். டிரவுட் பிடிக்கத் தனி முத்திரைச் சீட்டும் வாங்க வேண்டும். பெக்குவெஸ்ட் பண்ணையில் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்த ரெயின்போ டிரவுட் மீன்களை மாநிலம் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் ஆறுகளிலும் குளங்களிலும் விடுவது இந்தக் கட்டணத்தின் துணையோடுதான். நம் நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்டதும் இதே ரெயின்போ டிரவுட்தான். கலிஃபோன் ஊருக்கும் ஹை பிரிட்ஜ் ஊருக்கும் இடையில் உள்ள கென் லாக்வுட் பள்ளத்தாக்கு அழகான இடம். உயிர் இரைக்கு அங்கே அனுமதி இல்லை. ஆனால் அங்கே முதலில் போகாதீர்கள். மரக்கிளைகள் தாழ்ந்திருக்கும் அந்த இடம் பழகாத கைக்குப் பெரும் சோதனை. ஊர்ப் பூங்காக் குளத்தில் புளூகில் என்ற சன்ஃபிஷ் மீனிடம் தொடங்குங்கள். உள்ளங்கை அகலமே இருக்கும் அந்த மீன், செவுளோரத்தில் கருநீலப் புள்ளியும் ஆரஞ்சு நிற வயிறுமாக, 12 எண் ஃப்ளையை ஒரு முத்தச் சத்தத்தோடு உறிஞ்சி இழுக்கும். நான் பாத் கோலில் பிடித்த முதல் மீன் அதுதான். அந்தக் கோல் அதற்கே நடுப்பகுதி வரை வளைந்தது. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கோடை நாட்களில் டிரவுட் மூச்சுத் திணறும், பிடித்துத் திரும்ப நீரில் விட்டாலும் பிழைக்காமல் போகலாம். அந்த வாரங்கள் முழுவதையும் நான் புளூகிலுக்கே கொடுத்துவிடுகிறேன்.

வாங்கியவுடன் ஆற்றுக்கு ஓடாமல், ஃப்ளைக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலை நுனியில் கட்டி, இரண்டு வாரம் புல்தரையில் வீசிப் பழகுங்கள். பின்னால் வீசியபின் லைன் முழுவதும் நீளும் வரை காத்திருக்க வேண்டும். தலையைத் திருப்பி அதைக் கண்ணால் பார்ப்பதில் வெட்கம் தேவையில்லை. மூன்றாவது அல்லது நான்காவது பயணத்துக்கு ஒருமுறை லைனை ரீலிலிருந்து முழுவதும் இழுத்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி மென்மையான சோப்பைக் கலந்து, மெல்லிய துணியால் துடைத்து, நல்ல நீரில் அலசி உலர்த்துங்கள். துணியில் பழுப்பாக ஒட்டும் அந்த ஆற்று அழுக்குதான் லைனைக் கோலின் வளையங்களில் வழுக்கிச் செல்லவிடாமல் தடுத்து, நுனியை மூழ்கச் செய்வது. பாத் தொகுப்பை வாங்கியதிலிருந்து இப்படித் துடைத்து வருகிறேன். அதோடு வந்த அதே லைன் இன்னும் மிதக்கிறது.